ஒரு புள்ளி, பதினோரு ஆண்டு: பிஎச்பியின் 18556ஆம் பிழை

இணையதளங்களை இயக்கும் பிஎச்பி நிரல்மொழியின் பிழைப் பதிவேட்டில் 18556 என்ற எண் கொண்ட புகார் 2002ஆம் ஆண்டில் பதிவானது. லோகேலை, அதாவது எந்த நாட்டு, எந்த மொழி வழக்கப்படி நடப்பது என்ற அமைப்பை, துருக்கிக்கு மாற்றியதும், நிரலில் கண்ணெதிரே எழுதியிருக்கும் ஒரு கிளாஸை (பெயரிட்ட நிரல் பகுதியை) "அப்படி எதுவும் இல்லை" என்று பிஎச்பி கைவிரித்துவிடுகிறது என்பதே புகார். அது தீர்ந்தது 2013 ஜூனில் வெளியான 5.5 பதிப்பில். இத்தனைக்கும் காரணம், ஓர் எழுத்தின் தலையில் இருக்க வேண்டிய அல்லது இருக்கக்கூடாத ஒரு புள்ளி.

அதே எழுத்து 2019 டிசம்பரில் ஜாங்கோவைப் பதம் பார்த்தது. பைத்தான் மொழியில் எழுதப்பட்ட அந்த வெப் ஃபிரேம்வொர்க்கில் (இணையதளம் கட்டுவதற்கான தயார் அடித்தளத்தில்), "பாஸ்வேர்டு மறந்துவிட்டதா" வசதி வழியாக அடுத்தவர் கணக்கைக் கைப்பற்றிவிட முடியும் என்று தெரியவந்தது. சிவிஇ-2019-19844 என்ற பாதுகாப்புக் குறைபாட்டுப் பதிவு எண்ணில் பாதுகாப்பு அறிவிப்பு வெளியானது.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க எனக்கு ஒரு காரணம் உண்டு. பிஎச்பி விழுந்தது, தேவையில்லாத இடத்தில் துருக்கிய எழுத்து முறைக்குக் கட்டுப்பட்டதால். ஜாங்கோ விழுந்தது, அந்த எழுத்து முறையை அறவே பொருட்படுத்தாத ஒரு ஒப்பீட்டை நம்பியதால். ஆகவே "லோகேலைக் கவனி" என்று புரோகிராமர்களுக்குச் சொல்லப்படும் வழக்கமான அறிவுரையும் பாதிதான் சரி, "லோகேல் பக்கமே போகாதே" என்பதும் பாதிதான் சரி.

எழுத்து

துருக்கி 1928 நவம்பர் 1 அன்று நிறைவேறிய சட்டத்தின் மூலம் அரபு எழுத்தை விட்டு லத்தீன் எழுத்துக்கு மாறியது. புதிய நெடுங்கணக்கில் 29 எழுத்துகள். அவற்றில் ஆங்கில ஐ போலத் தோன்றுபவை இரண்டு. ஒன்றுக்குத் தலையில் புள்ளி உண்டு, ஒலி நம் இகரம். மற்றதற்குப் புள்ளி கிடையாது, மொட்டை. அதன் ஒலி தமிழ் காதுக்குப் பழக்கமானதுதான். "காசு", "பாட்டு" என்று சொல்லி முடிக்கும்போது இதழ் குவியாமல் வருகிறதே குற்றியலுகரம், ஏறக்குறைய அதுவே.

பெரிய எழுத்தாக எழுதும்போதும் இந்த வேறுபாடு அப்படியே நிற்கும். புள்ளி ஐக்குப் பெரிய வடிவம் புள்ளியோடு, மொட்டை ஐக்குப் பெரிய வடிவம் மொட்டையாக. ஆங்கிலத்தில்தான் சின்ன ஐயில் இருக்கும் புள்ளி கேப்பிடலுக்குப் போகும்போது காணாமல் போகிறது. யாருடைய முறை ஒழுங்கானது என்று கேட்டால் என் வாக்கு துருக்கிக்கே. தியார்பகிர் என்ற ஊர்ப்பெயரில் இரண்டு எழுத்தும் வரும், முன்பாதியில் புள்ளி ஐ, கடைசி அசையில் மொட்டை ஐ. அதை ஆங்கில விதிப்படி பெரிய எழுத்தாக்கினால் இரண்டும் ஒரே வடிவமாகிவிடும். மறுபடி சிறிதாக்கினால் இரண்டும் புள்ளி ஐ ஆகி ஊரின் பெயரே மாறிவிடும்.

சிக்கல் நெடுங்கணக்கில் இல்லை, அதற்கு எண் கொடுத்த விதத்தில் இருக்கிறது. மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கான ஐஎஸ்ஓ 8859-1 அட்டவணையை எடுத்து, அதில் ஐஸ்லாந்து மொழிக்கான ஆறு எழுத்துகளை நீக்கி, அந்த இடங்களில் துருக்கிய எழுத்துகளை வைத்தார்கள். 1989இல் அது ஐஎஸ்ஓ 8859-9 ஆனது. புள்ளியுள்ள பெரிய ஐக்கு 221, மொட்டைச் சிறிய ஐக்கு 253. மற்ற இரண்டு வடிவங்களுக்குப் புது எண் தரவில்லை. ஆங்கிலத்தின் பெரிய ஐ 73, சிறிய ஐ 105. துருக்கியருக்கும் அவையே. எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் தரும் யூனிகோடும் பழைய அட்டவணைகளோடு ஒத்துப்போக வேண்டியிருந்ததால் இதே ஏற்பாட்டைத் தொடர்ந்து, புதிய இரண்டுக்கு மட்டும் 304, 305 என்ற எண்களைத் தந்தது.

விளைவு என்னவென்றால், 73ஐச் சிறிய எழுத்தாக்கு என்று கணினியிடம் சொன்னால் விடை ஆங்கிலத்தில் 105, துருக்கியத்தில் மொட்டை ஐ. எந்த மொழி என்பது அந்த எண்ணில் எழுதியிருக்கவில்லை. வேறெங்கிருந்தோதான் தெரிய வேண்டும். சோவியத் ஒன்றியத்திலிருந்து 1991இல் விடுதலை பெற்று லத்தீன் எழுத்துக்குத் திரும்பிய அஜர்பைஜானும் இதே ஜோடிகளைத்தான் பயன்படுத்துகிறது.

கிளாஸ் எப்படித் தொலைந்தது

பிஎச்பியில் கிளாஸ் பெயர், ஃபங்ஷன் பெயர் ஆகியவற்றில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற வேறுபாடு கிடையாது. எப்படி எழுதினாலும் ஒரே கிளாஸ்தான். இதை நிறைவேற்ற எஞ்சின் ஓர் எளிய வழியை வைத்திருந்தது. கிளாஸைப் பதியும்போது அதன் பெயரைச் சிறிய எழுத்தாக்கி, அந்த வடிவத்தையே திறவுச்சொல்லாகப் பட்டியலில் வைக்கும். பின்னால் யாராவது அந்தக் கிளாஸைக் கேட்டால், கேட்ட பெயரையும் சிறிய எழுத்தாக்கித் தேடும்.

சிறிதாக்கும் வேலையைச் செய்தது சி மொழி நூலகத்தின் (தயார் நிரல்களின் தொகுப்பின்) டுலோயர் ஃபங்ஷன். அந்த ஃபங்ஷன் தானாக முடிவெடுக்காது, அந்த நேரத்தில் புராசஸின் (ஓடிக்கொண்டிருக்கும் நிரலின்) லோகேல் என்னவோ அதைக் கேட்டுக்கொண்டு பதில் சொல்லும்.

இப்போது ஒரு துருக்கிய இணையதளத்தை எடுத்துக்கொள்வோம். தேதியைத் துருக்கிய மாதப் பெயர்களோடு காட்ட வேண்டும். அதற்குப் புரோகிராமர் செட்லோகேல் ஃபங்ஷனைக் கூப்பிட்டு, எல்லாப் பிரிவுகளையும் துருக்கிக்கு மாற்றுகிறார். அதற்கு முன்பே "ஐட்டம்" என்று பெரிய ஐயில் தொடங்கும் ஒரு கிளாஸ் பதிவாகியிருக்கிறது. திறவுச்சொல்லின் முதல் எழுத்து 105. லோகேல் மாறிய பிறகு அதே பெயரை, அதே எழுத்துக்கூட்டலில், புள்ளி மாறாமல் கேட்கிறார். டுலோயர் இப்போது துருக்கியம் பேசுகிறது. 73க்கு அது தரும் விடை 253. பட்டியலில் அப்படி ஒரு பெயர் இல்லை. கிளாஸ் கிடைக்கவில்லை என்ற ஃபேட்டல் எரரோடு பக்கம் நின்றுவிடுகிறது.

8859-9ஐ விட்டு, யூனிகோடு எண்களை பைட்களாக எழுதும் யுடிஎஃப்-8 லோகேலுக்குப் போனால் சரியாகிவிடும் என்று தோன்றும். ஆகாது. அங்கே மொட்டை ஐக்கு இரண்டு பைட் வேண்டும், டுலோயரோ ஒற்றை பைட்டில் வேலை செய்வது. விடையை ஒரே பைட்டில் அடக்க முடியாததால் 73ஐ 73ஆகவே திருப்பித் தந்துவிடுகிறது. 105ஐத் தேட வேண்டிய எஞ்சின் 73ஐத் தேடிக்கொண்டிருக்கும்.

இந்தப் பிழையின் கொடுமை அதன் அரைகுறைத்தனம். பெரிய ஐ இல்லாத கிளாஸ்கள் எல்லாம் ஒழுங்காக ஓடும். எங்கோ ஒரு நூலகத்தில் பெரிய ஐ வரும் ஒரு பெயரைத் தொடும்போதுதான் உடையும். நூலகத்தை எழுதியவர் ஜெர்மனியிலோ அமெரிக்காவிலோ இருப்பார், அவர் கணினியில் எல்லாம் நன்றாக ஓடும். போதாததற்கு, லோகேல் என்பது புராசஸ் முழுமைக்கும் ஒன்று, அதற்குள் இணையாக ஓடும் த்ரெட்டுக்கு ஒன்று இல்லை. ஒரே புராசஸில் பல த்ரெட்கள் ஓடும் சர்வரில், ஒரு ஸ்கிரிப்ட் மாற்றிய லோகேல் பக்கத்து ஸ்கிரிப்டின் காலை வாரும். பிஎச்பி கையேடே இதை எச்சரிக்கிறது.

துருக்கியப் புரோகிராமர்கள் சுற்றுவழி ஒன்றை வைத்திருந்தார்கள். எல்லாவற்றையும் துருக்கிக்கு மாற்றிவிட்டு, எழுத்து வகைக்கான எல்சி_சிடைப் என்ற பிரிவை மட்டும் உடனே ஆங்கிலத்துக்கோ, எந்த நாட்டையும் சாராத சி லோகேலுக்கோ திருப்பிவிடுவது. மாதப் பெயர் துருக்கியத்தில் வரும், டுலோயர் ஆங்கிலம் பேசும். நடைமுறைக்குப் போதும். ஆனால் தன் தாய்மொழியில் ஒரு தேதியைக் காட்ட நினைத்தவர் இதையெல்லாம் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்பது நியாயமில்லை.

தீர்வு, அதற்குக் கொடுத்த விலை

5.5 பதிப்பில் முடிவு வந்தது. ஃபங்ஷன், கிளாஸ், கான்ஸ்டன்ட் பெயர்களை ஒப்பிடும்போது இனி லோகேல் பார்ப்பதில்லை. ஆஸ்கி எனும் அடிப்படை ஆங்கில அட்டவணையின் 26 எழுத்துகளுக்கு மட்டும் பெரிது சிறிது பார்க்கப்படும், மற்ற பைட்கள் இருந்தபடியே இருக்கும். ஆஸ்கியில் பெரிய எழுத்தோடு 32ஐக் கூட்டினால் சிறிய எழுத்து. 73 கூட்டல் 32, 105. அவ்வளவுதான். சின்ன அட்டவணை ஒன்று போதும்.

இவ்வளவு எளிய தீர்வுக்கு ஏன் இத்தனை காலம் என்று கேட்கத் தோன்றும். யாரும் இழக்காத தீர்வு இல்லை என்பது ஒரு பதில். பிஎச்பி தன் பெயர்களில் ஆஸ்கிக்கு வெளியே உள்ள பைட்களையும் அனுமதிக்கிறது. பிரெஞ்சு லோகேலில், உச்சிக்கோடு போட்ட பெரிய ஈயில் ஒரு கிளாஸை எழுதி, சிறிய ஈயில் கூப்பிட்டால் முன்பு வேலை செய்யும். புதிய விதியில் அவை இரண்டும் வேறு வேறு பெயர்கள். 5.5க்கு மாறுவோருக்கான வழிகாட்டியிலேயே இது வெளிப்படையாக எழுதப்பட்டது. துருக்கியம், அஜர்பைஜானியம் போன்ற மொழிகளுக்கு இது நல்லது, ஆனால் உச்சிக்குறி எழுத்துகளில் பெயர் வைத்து, பெரிது சிறிது கலந்து எழுதும் ஐரோப்பிய நிரல்கள் உடையலாம், சோதித்துவிட்டு மாறுங்கள் என்று.

சரியான பேரம் என்றே நினைக்கிறேன். நிரலில் வரும் பெயர் எந்திரத்துக்கான அடையாளம். அது நாட்டுக்கு நாடு மாறக்கூடாது. பெரிது சிறிதை மாற்றி மாற்றி எழுதும் பழக்கத்தை ஒருவர் விட்டுவிடலாம், தன் நாட்டை விட முடியாது.

போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் இதே சிக்கலை வேறு விதமாகச் சமாளித்தது. டேபிள், நெடுவரிசை பெயர்களைச் சிறிதாக்கும்போது ஆஸ்கி எழுத்துக்கு ஆஸ்கி விதி, அதற்கு மேற்பட்ட பைட்டுக்கு டுலோயர். துருக்கிய ஐ விசித்திரமாக நடந்துகொள்ளலாம், அதனால் இது ஒரு சமரசம் என்று நிரலுக்குள்ளேயே குறிப்பெழுதி வைத்திருக்கிறார்கள். அந்த நேர்மை எனக்குப் பிடிக்கும்.

பிஎச்பியில் கதை 2013இல் முடிந்துவிடவும் இல்லை. பெயர்கள் தப்பித்தன, ஆனால் புரோகிராமர்கள் அன்றாடம் பயன்படுத்தும் ஸ்ட்ரிங் (எழுத்துச் சரம்) ஃபங்ஷன்கள் லோகேலைக் கேட்டுக்கொண்டே இருந்தன. அவையும் ஆஸ்கிக்கு மட்டும் என்று மாறியது 2022 டிசம்பரில் வந்த 8.2 பதிப்பில்.

நமக்கென்ன என்று கேட்பவர்களுக்கு

தமிழில் கேப்பிடலும் கிடையாது, ஸ்மாலும் கிடையாது, பின் நமக்கு இதில் என்ன? பைட்டைப் பார்த்தால் தெரியும். யுடிஎஃப்-8இல் தமிழின் ஒவ்வொரு யூனிகோடு குறியும் (எழுத்தோ உயிர்மெய்க் குறியோ) மூன்று பைட், முதல் பைட் எப்போதும் 224. க என்பது 224, 174, 149. த என்பது 224, 174, 164. இப்போது 8859-1 அடிப்படையிலான பிரெஞ்சு லோகேலில் ஓடும் ஒரு பழைய பிஎச்பி, இந்தச் சரத்தைப் பெரிய எழுத்தாக்கப் பார்க்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த அட்டவணையில் 224 என்பது உச்சிக்கோடு போட்ட சிறிய ஏ. அதன் பெரிய வடிவம் 192. ஒவ்வொரு தமிழ்க் குறியின் முதல் பைட்டும் 224இலிருந்து 192 ஆகிவிடும். யுடிஎஃப்-8இல் 192 என்ற பைட்டுக்கு இடமே இல்லை. முழு வாக்கியமும் குப்பை.

முதல் எழுத்தை மட்டும் பெரிதாக்கும் ஃபங்ஷனைப் போட்டால் வேடிக்கை இன்னும் கூடும். "தமிழ்" என்ற சொல்லில் த மட்டும் சிதைந்து மிழ் நல்லபடியாக நிற்கும். திரையில் பார்ப்பவர் ஃபான்ட் கோளாறு என்றுதான் நினைப்பார். பெரிய எழுத்தே இல்லாத மொழிக்குப் பெரிய எழுத்தால் வரும் சேதம் இது.

ஜாங்கோ: கேட்காமலே கெட்டது

ஒருவர் பாஸ்வேர்டை மறந்துவிட்டால் மின்னஞ்சல் முகவரியைத் தருகிறார். அந்த முகவரிக்குரிய கணக்கை ஜாங்கோ தரவுத்தளத்தில் தேடுகிறது. பெரிய எழுத்தில் அடித்தாலும் சிறிய எழுத்தில் அடித்தாலும் கிடைக்க வேண்டும் என்பதால், வேறுபாடு பாராத தேடல். போஸ்ட்கிரெஸில் அது இரு பக்கத்தையும் பெரிய எழுத்தாக்கி ஒப்பிடும்.

மொட்டைச் சிறிய ஐக்குப் பெரிய வடிவம் 73. சாதாரணச் சிறிய ஐக்கும், துருக்கியல்லாத லோகேலில், பெரிய வடிவம் 73. ஆக, முகவரியில் ஓர் ஐயை மொட்டையாக்கி அனுப்பினால், புள்ளி ஐ உள்ள முகவரியோடு அது ஒன்றாகிவிடும். மோசடிக்காரர் செய்ய வேண்டியது, பலியாகப் போகிறவரின் முகவரியைப் போலவே, ஒரு ஐ மட்டும் மொட்டையாக உள்ள முகவரியைத் தன் வசம் வைத்திருப்பது. சர்வதேச டொமைன் பெயர்களில் மொட்டை ஐக்கு அனுமதி உண்டு, எனவே இது வெறும் கற்பனை இல்லை.

தேடலோடு நின்றிருந்தால் பெரிய ஆபத்து இல்லை. ஜாங்கோ அடுத்துச் செய்ததுதான் வினை. கணக்கைத் தரவுத்தளத்தில் கண்டுபிடித்துவிட்டு, மீட்பு இணைப்பைக் கணக்கில் உள்ள முகவரிக்கு அனுப்பாமல், படிவத்தில் அடிக்கப்பட்ட முகவரிக்கு அனுப்பியது. சாவி நேராகத் திருடன் வீட்டுக்குப் போனது. கிட்ஹப் தளத்தின் மீட்பு வசதியிலும் இதே மொட்டை ஐ உத்தி பலித்ததாக 2019இலேயே வெளியே வந்திருந்தது.

திருத்தம் இரண்டு பாகம். தரவுத்தளம் தந்த முகவரியையும் அடிக்கப்பட்ட முகவரியையும் பைத்தானிலேயே மறுபடி ஒப்பிடுகிறார்கள். யூனிகோடு முறைப்படி சீராக்கிவிட்டு, கேஸ்ஃபோல்டு செய்து பார்க்கிறார்கள். கேஸ்ஃபோல்டு என்பது ஒப்பீட்டுக்கென்றே உள்ள தனி உருமாற்றம், அதில் மொட்டை ஐ மொட்டையாகவே இருக்கும், புள்ளி ஐயோடு சேராது. இரண்டாவது, மின்னஞ்சல் இனி கணக்கில் உள்ள முகவரிக்கு மட்டும். 3.0.1, 2.2.9, 1.11.27 பதிப்புகளில் இது வந்தது. இரண்டில் முக்கியமானது பின்னது என்பது என் கருத்து. ஒப்பீடு நாளை வேறோர் எழுத்தால் ஏமாறலாம். பதிவில் உள்ள முகவரிக்கு அனுப்பும்வரை ஏமாந்தாலும் கேடில்லை.

பெரிதாக்காமல் சிறிதாக்கி ஒப்பிட்டிருந்தால் தப்பித்திருக்கலாமே என்றால், அந்தப் பக்கம் வேறொன்று காத்திருக்கிறது. கெல்வின் வெப்ப அலகுக்கு யூனிகோடில் தனிக் குறி ஒன்று உண்டு, எண் 8490. அதைச் சிறிதாக்கினால் சாதாரணச் சிறிய கே வந்து நிற்கும். பழைய ஐரோப்பிய அச்சில் இருந்த நீள எஸ், எண் 383, பெரிதாக்கினால் சாதாரணப் பெரிய எஸ். உருமாற்றி ஒப்பிடுவது என்றாலே, ஆஸ்கி வேலிக்கு வெளியே இருந்து யார் உள்ளே வருவார்கள் என்று பார்த்தாக வேண்டும்.

மற்றவர்கள்

துருக்கியம்தான் பேர் வாங்கியது, மற்ற மொழிகளும் சும்மா இல்லை. ஜெர்மனில் இரட்டை எஸ் ஒலிக்கு உள்ள கூட்டெழுத்தைப் பெரிதாக்கினால் இரண்டு எஸ் ஆகிறது. சரத்தின் நீளமே கூடிவிடும், திரும்பி வரவும் வழியில்லை. "அளவுகள்" என்று பொருள்படும் சொல்லும் "நிறை" என்று பொருள்படும் சொல்லும் பெரிய எழுத்தில் ஒன்றுபோலாகும். இதற்கென ஒரு பெரிய வடிவம் 2008இல் யூனிகோடில் சேர்ந்தது, 2017இல் ஜெர்மன் எழுத்திலக்கணக் குழுவும் அதை ஏற்றது. ஆனாலும் யூனிகோடின் இயல்பான மாற்றம் இன்றும் இரட்டை எஸ்தான். துருக்கியப் பெரிய புள்ளி ஐயும் நீளத்தை மாற்றும். மொழி சொல்லாமல் அதைச் சிறிதாக்கினால், ஐயும் அதன்மேல் தனியாக ஒரு இணைபுள்ளியும் என இரண்டாக வரும். பைத்தானில் எட்டெழுத்து இஸ்தான்புல்லைப் பெரிய புள்ளி ஐயோடு எழுதிச் சிறிதாக்கினால் ஒன்பது ஆகிவிடும்.

கிரேக்கத்தில் சொல்லின் கடைசியில் வரும் சிக்மாவுக்குத் தனி வடிவம், முழுப் பெரிய எழுத்தில் உச்சிக்குறிகள் உதிரும். பிரெஞ்சில் பலர் கேப்பிடலில் உச்சிக்குறியை விட்டுவிடுவார்கள், ஆனால் பிரெஞ்சு அகாதெமி விடக்கூடாது என்கிறது. டச்சில் ஐயும் ஜேயும் சேர்ந்து ஓரெழுத்துப் போல, சொல்லின் தொடக்கத்தில் இரண்டையும் பெரிதாக்க வேண்டும்.

என்ன செய்வது

பெரிது சிறிது மாற்றம் என்று நாம் ஒரே பெயரில் அழைப்பது உண்மையில் வெவ்வேறு வேலைகள். நிரலுக்குள் இருக்கும் பெயர், ஃபைல் நீட்சி, எச்டிடிபி ஹெட்டர் போன்றவற்றை மாற்றும்போது ஆஸ்கி விதி மட்டும் போதும், லோகேல் கிட்டவே வரக்கூடாது. ஜாவாவில் லோகேல் ரூட் என்று ஆறாம் பதிப்பிலேயே இதற்கென ஒன்று வந்துவிட்டது. டைட்டில் என்ற சொல் துருக்கிய லோகேலில் மொட்டை ஐயோடு சிறிதாகும் என்று ஜாவாவின் ஆவணமே எடுத்துக்காட்டும் தருகிறது, இருந்தும் வெறுமனே கூப்பிடுகிறவர்கள் இன்றும் உண்டு. கோட்லின் 2021இல் 1.5 பதிப்பில் பழைய ஃபங்ஷன்களை ஓரங்கட்டி, லோகேல் பாராத புதியவற்றை இயல்பாக்கியது. நூலகம் எழுதுகிறவர்கள் செய்ய வேண்டியது அதுதான். ஆபத்தான பாதை நீளமாகவும் பாதுகாப்பான பாதை குறுக்கு வழியாகவும் இருக்க வேண்டும்.

மனிதர் கண்ணில் படப்போகும் எழுத்து என்றால் நேர்மாறு. அங்கே மொழி கட்டாயம் வேண்டும், ஆனால் சர்வரின் மொழி பயன்படாது, அந்த வாசகத்தின் மொழி வேண்டும். இஸ்தான்புல் பயணச்சீட்டைச் சென்னையில் இருக்கும் சர்வர் அச்சிடலாம். ஜாவாஸ்கிரிப்டில் மொழியைக் கையோடு கொடுத்து மாற்றும் ஃபங்ஷன் உண்டு. இணைய உலாவிகளும், பக்கத்தில் மொழி துருக்கியம் என்று குறித்திருந்தால், பெரிய எழுத்து ஸ்டைலில் புள்ளியைச் சரியாகப் போடுகின்றன. பெயரைப் பெரிதாக்கிச் சேமித்து வைப்பது மட்டும் வேண்டாம். பயனர் அடித்ததை அப்படியே வைத்துக்கொண்டு, ஒப்பீட்டுக்குக் கேஸ்ஃபோல்டு செய்த இன்னொரு வடிவத்தைத் தனி நெடுவரிசையில் வைத்து, ஒரே மதிப்பு இருமுறை வரக்கூடாது என்ற கட்டுப்பாட்டை அதன்மேல் போட வேண்டும்.

இதையெல்லாம் படித்துவிட்டுத் தன் நிரல் எப்படி இருக்கிறது என்று பார்க்க நினைப்பவருக்குச் செலவில்லாத வழி ஒன்று இருக்கிறது. சோதனைகள் ஓடும் சர்வரில் லோகேலைத் துருக்கிக்கு மாற்றி ஒருமுறை எல்லாவற்றையும் ஓட்டிப் பார்ப்பது. லினக்ஸில் ஒரு என்விரான்மென்ட் வேரியபிள், ஜாவாவில் தொடக்கத்தில் மொழியைச் சொல்லும் ஒரு அமைப்பு. பெரிய ஐ எங்கெல்லாம் ஒளிந்திருக்கிறதோ அங்கெல்லாம் சோதனை தோற்றுச் சிவப்பு விழும். மாதம் ஒருமுறை ஓட்டினால் போதாது, ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஓடும் வரிசையிலேயே அதைச் சேர்த்துவிடுவது நல்லது. அடுத்த நூலக அப்டேட்டில் எந்த ஐ வரும் என்று யாருக்கும் தெரியாது.